கண் காணா நிறம்

(அறிவியல் மாணவர் மன்றத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியன் ஒருவன் ஒளியளவியைப் பற்றிப் பேசப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். எழுத்தை ஆய்வார்க்கு மாத்திரையளவு எத்துணை இன்றியமையாததோ, பொருளை ஆய்வார்க்கு ஒளியளவும் அத்துணை இன்றியமையாதது. எனக்கும் இக்கருவிக்கும் உள்ள இயைபு அவ்வளவே.

இரு கலங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் தூய நீர். மற்றொன்றில் உயிரணுவினின்று பிரித்தெடுத்த உட்கருக் காடி, அஃதாவது டி.என்.ஏ. எனச் சுருக்கி வழங்கப்பெறும் பொருள், சிறிதளவு கரைந்த நீர். இரண்டும் பளிங்கெனத் தெளிந்துள்ளன. எது எதுவெனக் கண்ணாற் கூறவியலுமோ? இயலாது. ஆயினும் இரண்டாவது நிறமற்றதன்று; அதன் நிறம் நம் கண்ணுக்கு எட்டாத ஒளியில் உள்ளது.

1801ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், இருளாய்த் தோன்றும் இடத்தில், வெள்ளிக் குளோரைடு தோய்ந்த தாளை வைத்தார். ஊதாவில் வைத்ததினும் அது விரைந்து கறுத்தது. அங்ஙனம் அறியப்பட்டதே புறவூதா. அதன் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டருக்குக் குறைந்தது. மீட்டரை நூறு கோடியாகப் பகுத்ததன் ஒரு கூறே நானோமீட்டர்.

நிறமாலை ஒளியளவியின் அமைப்பு எளிது. கனநீரிய விளக்கு புறவூதாவைப் பொழிகின்றது. முப்பட்டகமோ நுண்கீற்றணியோ அவ்வொளியை அலைநீளப்படி பிரிக்கின்றது. ஒடுங்கிய பிளவொன்று வேண்டிய பகுதியை மட்டும் விடுக்கின்றது. கரைசலை ஊடுருவி வருவதை ஒளிமின் கலம் அளக்கின்றது. முதலில் வெறுங்கரைப்பானையும் பின்னர்க் கரைசலையும் வைத்து ஒப்பிட, இடையில் எவ்வளவு ஒளி மறைந்தது என்பது விளங்கும். இம்மறைவை 'உறிஞ்சுதல்' என்பாருமுளர். வாயும் வேரும் செய்வது உறிஞ்சுதல். ஒளியை ஏற்றுத் தன்னுள் அடக்குதலை 'உட்கவர்தல்' எனல் எனக்குப் பொருத்தமாய்ப் படுகின்றது.

பத்திலொரு பங்கு ஒளி மறுபுறம் வரின் உட்கவர்வு 1. நூற்றிலொன்று வரின் 2. ஆயிரத்திலொன்று வரின் 3. இங்ஙனம் மடக்கை முறையிற் கணித்தால், நீர்த்த கரைசலில் உட்கவர்வானது செறிவுக்கும் ஒளி கடக்கும் தொலைவுக்கும் நேர்வீதத்தில் அமையும். பூகர், இலம்பர்ட்டு, பீர் ஆகிய மூவர் 1729 முதல் 1852 வரை படிப்படியாகக் கண்ட நெறி இது.

நெறி நேரியதேனும், அளப்பவர்க்கு விழிப்பு வேண்டும். ஏறத்தாழ 320 நானோமீட்டருக்குக் கீழ், கண்ணாடிக் கலம் தானே ஒளியை விழுங்கிவிடும். குவார்ட்சுக் கலமே வேண்டும். அதனிலும் விரல் பட்ட கறை ஒளியைக் கவரும். நூற்றிலொரு பங்கு புறம்பான ஒளி கசிந்து கலந்தால், எத்துணைச் செறிந்த கரைசலும் 2க்கு மேற் காட்டாது. அப்பொழுதும் கருவி ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும், அவ்வெண் பொய்.

இவ்விழிப்பால் விளைந்த பயனைக் கேளுங்கள். உட்கருக் காடியில் அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என நான்கு காரங்கள் உள்ளன. இந்நான்கும் எங்கும் ஒத்த அளவினவே என இலெவீன் என்னும் அறிஞர் கருத்தைத் தழுவிப் பலர் நெடுநாள் நம்பினர். ஒரே சொல்லை ஏடு முழுதும் எழுதியிருந்தால் அதில் என்ன செய்தி இருத்தல் கூடும்? ஆகலின் மரபுச் செய்தியைச் சுமக்கும் தகுதி அப்பொருளுக்கு இல்லை எனத் தள்ளினர். 1944இல் ஏவரியும் அவர்தம் கூட்டாளரும் நுண்ணுயிரின் மரபியல்பை மாற்றுவது இக்காடியே எனக் காட்டினர். அதைப் படித்த சார்காப்பு, நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வு முழுவதையும் அத்துறைக்குத் திருப்பினார்.

நற்பேறாக, கலிபோர்னியாவில் பெக்குமன் நிறுவிய நிறுவனம் குவார்ட்சு முப்பட்டகம் பொருந்திய ஒளியளவியை 1941இலேயே விற்பனைக்குக் கொணர்ந்திருந்தது. சார்காப்பின் குழுவினர் காடியைச் சிதைத்து, காரங்களைத் தாளில் ஊரவிட்டுத் தனித்தனியே பிரித்தனர். ஒவ்வொன்றும் தங்கிய இடத்தை வெட்டியெடுத்துக் கரைத்து, புறவூதாவில் அளந்தனர். தாளினின்று கசியும் பொருளும் ஒளியைக் கவருமாதலின், இத்தகு ஆய்வில் வெறுந்தாளையும் அவ்வாறே கரைத்தளந்து கழித்தல் வேண்டும். அளந்த பொருளோ ஒரு கிராமைப் பத்திலக்கமாகப் பகுத்ததில் சில பல கூறுகளே!

நான்கும் ஒத்திருக்கவில்லை. ஆவினத்தில் குவானைனினும் அடினைன் மிகுதி. என்புருக்கிக் குலத்து நுண்ணுயிரொன்றில் குறைவு. உயிர்க்கு உயிர் அளவு வேறுபட்டது. ஆயினும் எங்கும் அடினைனும் தைமினும் தம்முள் ஏறத்தாழ ஒத்தன. குவானைனும் சைட்டோசினும் அவ்வாறே ஒத்தன. 1950இல் இவற்றைச் சார்காப்பு வெளியிட்டார். அவ்விணைகள் ஏன் ஒத்தன என்பதற்கு விடை, 1953இல் வாட்சனும் கிரிக்கும் கண்ட இரட்டைச் சுருளில் கிடைத்தது.

செய்முறைக்குச் செல்லும் மாணவர்க்கு ஒன்று. உட்கருக் காடி 260 நானோமீட்டரை ஒட்டி மிகுதியாக உட்கவரும். புரதமோ 280ஐ ஒட்டி. ஆகவே தூய டி.என்.ஏ.வில் முன்னதைப் பின்னதால் வகுக்க ஏறத்தாழ 1.8 வரும். மிகக் குறைந்தால் புரதம் கலந்துளதோ என ஐயுறுக. ஆனால் 1.8 வந்தவுடனே தூயதென முடிவு கட்டிவிடாதீர். உடன்பிறப்பாகிய ஆர்.என்.ஏ.வும் 260இலேயே கவரும். அக்கலப்பை இவ்வெண் காட்டிக் கொடுக்காது. முன்னரே அதனை நீக்கிவிட்டுக் கலத்தை வையுங்கள்.