வேல்ஸில் இருவருக்கு ஒரு வீடு

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"இங்கிலாந்து போய்விட்டு வந்தீர்களே, பத்து நிமிஷம் பேசுங்கள்" என்றார் செயலாளர். லண்டனைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால், அங்கிருந்து மேற்கே போய் நாங்கள் ஒரு வாரம் தங்கிய சின்ன வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் கொடுத்த பரிசு அது. வேல்ஸின் வடமேற்கில் போர்த்மாடோக் என்று ஒரு துறைமுக ஊர். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில், தம்பதிகளுக்கென்றே வாடகைக்கு விடும் காட்டேஜ். பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் போனோம். பாதையின் கடைசிப் பகுதி பெரும்பாலும் கடலை ஒட்டியே போகிறது.

கனமான கற்சுவர், சிலேட்டுக் கல் கூரை. கீழே ஒரே அறை. அதிலேயே விறகு எரிக்கும் இரும்பு அடுப்பு, ஒரு மூலையில் சமையல் மேடை. செங்குத்தான படி ஏறினால் பரண் போல ஒரு பாதி மாடி, அங்கே கட்டில். நம்மைப் போன்றவர்களுக்கு ஹோட்டலைவிட இதுதான் சௌகரியம். அரிசி, பருப்பு, ரசப்பொடி, சின்ன குக்கர் எடுத்துப் போனால் சாப்பாட்டுக் கவலை இல்லை. முதல் நாள் கடுகு தாளித்ததும் புகை எச்சரிக்கை மணி ஊரையே எழுப்பிவிட்டது! மறுநாளிலிருந்து ஜன்னலைத் திறந்துவிட்டே தாளித்தோம். முழங்கால் வலி உள்ளவர்கள், படுக்கை கீழேயா மேலேயா என்று கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

இரண்டாம் நாள் என் மனைவி கேட்டாள்: "ஏன்னா, நாம ரெண்டு பேர் இருக்கறதுக்கே சரியா இருக்கே, இதுல முன்னாடி யார் இருந்திருப்பா?"

பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி. மறுநாள் டீக்கு அழைத்தார். இவள் அதையே அவரிடமும் கேட்டாள். அது சிலேட்டுச் சுரங்கத் தொழிலாளியின் வீடாம். தாய், தகப்பன், ஆறு குழந்தைகள் அதில் இருந்ததைத் தம் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாராம்.

போர்த்மாடோக் உருவானதே சிலேட்டால்தான். வில்லியம் மாடக்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் கடல் முகத்துவாரத்தின் குறுக்கே ஒரு பெரிய அணை கட்டினார். 1811-இல் அது முடிந்தது. பின்னர் துறைமுகம் வந்தது. 1836-இல் மலைமேல் உள்ள ப்ளைனாய் ஃபெஸ்டினியோக்கிலிருந்து சின்ன ரயில் பாதை போட்டார்கள். கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே இறங்கி வரும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துப் போகும். இறங்கும்போது அந்தக் குதிரைகளும் ஒரு வண்டியில் ஏறி வருமாம்! 1863-இல் நீராவி எஞ்சின் வந்தது. இன்று அந்த ரயிலில் கல் இல்லை. எங்களைப் போன்ற யாத்ரிகர்கள்தான். இந்தச் சிலேட்டுப் பிரதேசத்தை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வேலை போனதும் ஜனங்கள் போனார்கள். காலியான வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கினார்கள். விலை ஏறியது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. கோபம் எல்லை மீறி, 1979 கடைசியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை இருநூறுக்கும் மேற்பட்ட விடுமுறை வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அந்தப் பாட்டி அதை நியாயப்படுத்தவில்லை. "ஆனால் குளிர்காலத்தில் எங்கள் தெருவைப் பாருங்கள், விளக்கே இருக்காது" என்றார். இன்று சட்டத்தின் வழியாகப் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல், இரண்டாம் வீட்டின் மீது வழக்கமான வரிக்கு மேல் 300 சதவிகிதம் வரை கூடுதல் வரி போட உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு.

அவர்கள் கவலை வீட்டோடு நிற்கவில்லை. பாஷையும் போகிறது. அந்த க்வினெத் மாவட்டத்தில் வெல்ஷ் பேசுபவர்கள் 2001-இல் 69 சதவிகிதம், 2021-இல் 64.4. வேல்ஸ் முழுவதும் பார்த்தால் 17.8 சதவிகிதம்தான். கடைக்காரரிடம் வெல்ஷில் 'டியோல்ஹ்', அதாவது நன்றி, என்றேன். என் உச்சரிப்பைத் திருத்திவிட்டு இரண்டு ஆப்பிள் கூடுதலாகப் போட்டார்!

கிளம்பும்போது அந்தப் பாட்டி கேட்டார்: "உங்கள் சொந்த ஊர் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தாத்தா கட்டிய வீடு பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை போய்த் திறந்து, ஒட்டடை அடித்து, மறுபடி பூட்டிவிட்டு வருவேன். எங்கள் தெருவிலும் ராத்திரி விளக்கு எரிவது எண்ணி நாலு வீட்டில்தான். அவர்கள் ஊரை வெளியார் வாங்கினார்கள். எங்கள் தெருவை இருட்டாக்கியது நாங்களேதான்.

திரும்பி வந்ததும் அண்ணா, தம்பியிடம் பேசினேன். இரண்டு மாதம் வாக்குவாதம். கடைசியில் கூரையைச் சரிசெய்து, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவரின் குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விட்டோம். போன மாதம் போனபோது திண்ணையில் இரண்டு குழந்தைகள் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தன. "யார் வேணும் தாத்தா?" என்று என்னையே கேட்டன.

தம்பதிகளாக வேல்ஸுக்கு அவசியம் போய் வாருங்கள். கூட்டமில்லாத அக்டோபரில் போங்கள். காய்கறியை உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். அக்கம்பக்கத்தாரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். நீங்கள் தங்கும் வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். திருப்பி அவர்கள் ஒன்று கேட்பார்கள். அதற்குப் பதிலை இங்கேயே யோசித்து வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.