பியூஸ் எந்தப் பக்கம்? ஹாம் ரேடியோ கேபிள் வேலை பற்றிச் சில விஷயங்கள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு புது வேலை பற்றிப் பேச்சு வந்தது. ஹாம் ரேடியோ வைத்திருக்கிற சிலர், தங்கள் செட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் போடும் கேபிளை, அவங்க சொல்ற நீளத்துக்கு 30 எண்ணிக்கை செய்து தர முடியுமா என்று நம்மைக் கேட்டிருக்கிறார்கள். "ஒயர் கூடை பின்னின கைக்கு இது ஒரு வேலையா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. கைக்குப் பெரிய வேலை இல்லைதான். ஆனா கூடையின் காது அறுந்தால் காய்கறி கொட்டும், அவ்வளவுதான். இந்தக் கேபிளில் தப்பு நடந்தால் தீப்பிடிக்கும். அதனால்தான் ஆர்டருக்குச் சரி சொல்வதற்கு முன்னாடி விவரமாகப் பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

ஹாம் ரேடியோ என்பது பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள், செல்போன் டவர் எதுவும் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசும் கருவி. கேபிள் செய்ய நமக்கு உரிமம் தேவையில்லை. செட்டில் பேசத்தான் உரிமம் வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற டெல்லிப் பெண்மணி தன் குழுவினரோடு அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தார். ஹாம் ரேடியோவில் பேசுவதற்கென்றே அனுமதி வாங்கி அங்கே போயிருந்தவர். தொலைபேசி செயலிழந்த அந்த நாட்களில், அந்தக் குழுவின் ரேடியோ வழியாகப் பல குடும்பங்களுக்குச் சேதி போய்ச் சேர்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்டும் செல்போனும் இல்லாமல் டெல்டா மாவட்டங்கள் பட்ட பாட்டை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த மாதிரி நேரத்தில் பேட்டரியை வைத்துத்தான் இந்த செட் ஓடும். பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவில் இருப்பது நாம் செய்யப்போகிற கேபிள்.

பேட்டரி 12 வோல்ட். தொட்டால் ஷாக் அடிக்காது. அதனாலேயே எல்லோரும் அலட்சியமாக இருக்கிறோம். ஷாக் அடிக்காது என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லைங்க. கார் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு இரும்பு ஸ்பேனர் ஒரே நேரத்தில் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் அதன் வழியாகப் பாயும். பொறி பறக்கும், ஸ்பேனர் பழுக்கச் சூடாகும். ஸ்பேனருக்குப் பதிலாக நம் கை வளையல் என்றால்? தங்கமோ கவரிங்கோ, தோலைச் சுட்டுவிடும். வேலைக்கு உட்காரும்போது உலோக வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். கண்ணாடி வளையல் இருக்கட்டும், பரவாயில்லை. தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

இப்போ பியூஸுக்கு வருகிறேன். நாம 'பீஸ்' என்று சொல்வோமே, அதுதான். வீட்டில் பீஸ் போனால் கட்டையைப் பிடுங்கி, கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றி மாட்டிவிடுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. பியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் 'ரேடியோ செட்டை' என்பார்கள். முதலில் அது காப்பாற்றுவது வயரை. வயர் எங்கேயாவது நசுங்கி, சிவப்பும் கறுப்பும் ஒட்டிக்கொண்டால், பேட்டரியில் இருக்கிற மொத்த கரண்டும் அந்த வயரில் ஓடும். வயர் உருகித் தீப்பிடிப்பதற்குள் பியூஸ் உருகி கரண்டை நிறுத்திவிட வேண்டும்.

இது புரிந்தால், பியூஸ் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். பேட்டரிப் பக்கம்தான், முனைக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில். செட் பக்கம் வைத்தால், நடுவில் இருக்கிற இரண்டு மீட்டர் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. சிவப்பு வயரில் கட்டாயம் ஒரு பியூஸ். கறுப்பிலும் ஒன்று கேட்டால் போட்டுக் கொடுப்போம். பல செட்டுகளோடு வரும் கேபிளில் இரண்டு வயரிலுமே இருக்கும்.

பியூஸின் அளவு செட்டைப் பொறுத்தது. 50 வாட் வண்டி செட் பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 15 ஆம்பியர், நீலக் கலர் பிளேடு பியூஸ். தூரம் பேசுகிற 100 வாட் செட் 20 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். அதற்கு 25, அது நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். செட் கேட்பதைவிடக் கொஞ்சம் கூட, வயர் தாங்குவதைவிடக் குறைவு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பியூஸ் இருக்க வேண்டும். சிவப்பு 10, மஞ்சள் 20, பச்சை 30 என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயரில் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இரண்டு மீட்டர் கேபிள் என்றால், போக வர நாலு மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் வயரில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.4 இருந்தால் செட்டுக்குக் கிடைப்பது 11-க்கும் கீழே. பேச பட்டனை அழுத்தியவுடனே செட் அணைந்துபோகலாம். அதே இடத்தில் 4 ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்கூட இல்லை. ஆகவே பெரிய செட்டுக்கு 4 ஸ்கொயர், 50 வாட் செட்டுக்கு இரண்டரை ஸ்கொயர். பல இழை உள்ள ஃபிளெக்ஸிபிள் செம்பு வயராகப் பார்த்து வாங்குங்கள்.

முனையைச் சரியான கருவியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கிரிம்பிங் என்று சொல்கிறோமே, அதுதான். கொறடாவால் நசுக்கினது கணக்கில் வராது. இழை ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, வெட்டுப்பட்டும் இருக்கக் கூடாது. அழுத்தி முடித்ததும் நன்றாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால், நல்லவேளை நம் கையிலேயே வந்தது என்று வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். ஈயம் வைத்தால் உறுதி என்று சிலர் சொல்வார்கள். ஈயம் இழைக்குள் ஏறி விறைத்துவிடும். அடிக்கடி சுருட்டி விரிக்கிற கேபிள், விறைப்பு முடிகிற அந்த இடத்தில்தான் ஒடியும்.

சோதனை செய்யாமல் ஒரு கேபிளும் வெளியே போகக் கூடாது. மல்டிமீட்டரில் சிவப்புக்குச் சிவப்பு சத்தம் வர வேண்டும், சிவப்புக்கும் கறுப்புக்கும் வரவே கூடாது. பியூஸைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் சிவப்பிலும் சத்தம் நிற்க வேண்டும். அப்புறம் பேட்டரியில் மாட்டி, 60 வாட் ஹெட்லைட் பல்பு எரியவிடுங்கள். ஒரு பல்பு 5 ஆம்பியர். பெரிய கேபிளுக்கு நாலு பல்பு. பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒரு இணைப்பு மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அதை வெட்டி எறியுங்கள்.

"பியூஸ் இல்லாமல் விலை குறைத்துக் கேட்டால் என்ன செய்ய?" என்று ஒரு தங்கை கேட்டாங்க. கொடுக்கக் கூடாது. பியூஸும் ஹோல்டரும் எடுத்துவிட்டால் மிச்சமாவது கொஞ்சப் பணம்தான். அந்தக் கேபிள் நாளைக்கு ஒரு நிவாரண முகாமில், பாய்க்கு அடியில், ஆட்கள் மிதித்து நடக்கிற இடத்தில் கிடக்கும். பக்கத்தில் குழந்தைகள் தூங்குவார்கள். பியூஸ் வேண்டாம் என்பவருக்கு வேறு கடை இருக்கிறது, நமக்கு அந்த ஆர்டர் வேண்டாம்.

வருமானம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது மாதாமாதம் வருகிற வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். ஹாம் வைத்திருப்பவர்கள் எண்ணிக்கை குறைவு, நல்ல கேபிள் பல வருடம் உழைக்கும். அதனால் இதற்காகத் தனியாகக் கடன் எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. கிரிம்பிங் கருவி சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதைக் கூட்டமைப்பு ஒன்றே ஒன்று வாங்கி வைத்தால், ஆறு பேர் முறை போட்டு 30 கேபிளையும் முடிக்கலாம். வயர், கனெக்டருக்கு முன்பணம் கேட்டிருக்கிறோம். அது வந்த பிறகுதான் வயரே வாங்குவது.

விருப்பம் உள்ளவர்கள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பியூஸ் கலரும் அதில் இருக்கிற நம்பரும் அடையாளம் தெரிந்தால் போதும். செய்தவர் யார் என்று தெரிய ஒவ்வொரு கேபிளிலும் ஒரு நம்பர் ஒட்டுவோம், நோட்டிலும் எழுதி வைப்போம். உதிரி பியூஸ் இரண்டையும் கேபிளோடு சேர்த்துக் கட்டித் தருவது நம் பொறுப்பு.