வங்கக் கடலோரக் கலங்கரை விளக்கங்கள் கற்பிக்கும் பொருளாதாரம்

(பயிற்சி பெறும் அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



வங்கக் கடலோரத்தில் உள்ள பழைய கலங்கரை விளக்கங்களையும் கடல்சார் அருங்காட்சியகங்களையும் சென்று காண்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். விடுமுறைப் பயணத்திற்கு வழிகாட்டும் உரையாகவும் இதனை அமைத்திருக்கலாம். ஆயினும், பொருளாதாரம் பயின்று, அரசுக் கோப்புகளோடு முப்பது ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், இவ்விடங்கள் வளர்ச்சிப் பணியைப் பற்றி நமக்கு என்ன கற்பிக்கின்றன என்பதையே கூற விழைகிறேன். அதற்கு முன், என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், செலவினக் கருத்துருக்களை ஆராயும் பிரிவொன்றில் நான் இளநிலை அதிகாரியாக இருந்தேன். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட ஒரு கலங்கரை விளக்கத்தின் பழைய கண்ணாடி வில்லையைப் பாதுகாத்துச் சிறிய காட்சிக்கூடம் அமைக்க வேண்டும் என்ற கருத்துரு என் மேசைக்கு வந்தது. கோரப்பட்ட தொகை பெரிதன்று. "இதனால் வருவாய் ஏதும் இல்லை, பரிந்துரைக்க இயலவில்லை" என்று இரண்டே வரிகளில் குறிப்பு எழுதினேன். மேலதிகாரிகளும் அதனை ஏற்றனர். சில ஆண்டுகள் கழித்து வேறு அலுவலாக அவ்வூருக்குச் செல்ல நேர்ந்தது. ஓய்வு பெற்ற விளக்குக் காவலர் ஒருவர் என்னைக் கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்றார். வில்லை இருந்த இடத்தில் இரும்புப் பீடம் மட்டுமே நின்றது. பித்தளைச் சட்டங்கள் பழைய உலோகமாக எடைபோட்டு விற்கப்பட்டுவிட்டன. "எந்தப் புண்ணியவானோ வேண்டாம் என்று எழுதிவிட்டாராம், ஐயா" என்றார் அவர். அந்தப் புண்ணியவான் நான்தான் என்று சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை.

பொருளியல் நூல்களில் ஒரு விளக்கு

இதில் வேடிக்கை என்னவெனில், கலங்கரை விளக்கத்தை முதன்முதலில் நான் அறிந்ததே பொருளியல் வகுப்பில்தான். 1848-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தமது நூலில், கடலில் செல்வோர் விளக்கின் ஒளியால் பயன் பெற்றாலும் அவர்களிடம் வழியிலேயே கட்டணம் பெற இயலாது. ஆகையால் இப்பணியை அரசே ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். பின்னர் பால் சாமுவேல்சன் மற்றொரு காரணம் கூறினார். ஒரு கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கு பத்துக் கப்பல்களுக்கு வழிகாட்டினாலும் செலவு கூடுவதில்லை. ஆகவே, கட்டணம் பெற இயலுமாயினும் அவ்வாறு பெற்று ஒருவரை விலக்குவது முறையன்று என்றார். 1974-இல் ரொனால்ட் கோஸ் இவர்கள் எல்லோரையும் மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் தனியார் பலர் விளக்குகளை அமைத்தனர் என்றும், துறைமுகங்களில் கப்பல்களிடம் பெற்ற கட்டணத்தால் அவை நடந்தன என்றும் வரலாற்றுச் சான்றுகளுடன் காட்டினார். ஆனால், அக்கட்டணத்தைப் பெறும் உரிமை அரசின் ஆணையிலிருந்தே பிறந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

நம் நாடு கண்ட வழி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 1927-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டத்தின்படி, இந்தியத் துறைமுகங்களுக்கு வந்து செல்லும் கப்பல்களிடம் விளக்கு வரி பெறப்பட்டது. விளக்குகளை அமைக்கவும் பேணவும் அத்தொகை பயன்பட்டது. 50 டன்னுக்குக் குறைந்த கலங்களுக்குச் சட்டம் விலக்கு அளித்தது. அதாவது, பெருங்கப்பல் செலுத்திய பணத்தில் எரிந்த விளக்கு, கட்டுமரத்தில் சென்ற மீனவருக்கும் வழிகாட்டியது. விடுதலையின்போது நம் வசம் வந்த விளக்கங்கள் 17 மட்டுமே. இன்று அவை 200-க்கும் மேற்பட்டவை. இந்த ஏற்பாட்டை ஏட்டில் படிப்பதைவிட, கடற்கரையில் நின்று காண்பது பயன் தரும். வடக்கே ஒடிசாவில் தொடங்கித் தெற்கு நோக்கி வருவோம்.

போலி முனையின் படிப்பினை

மகாநதியின் கழிமுகத்தில், கேந்திரபாடா மாவட்டத்தில், ஃபால்ஸ் பாயிண்ட் என்னும் இடம் உள்ளது. தெற்கிலிருந்து வந்த கப்பல்கள் இதனை வடக்கே உள்ள பாமைராஸ் முனை என்று தவறாக எண்ணித் திசை மாறியதால் 'போலி முனை' என்னும் பொருள்பட இப்பெயர் ஏற்பட்டது. இங்கு 1838-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் நம் நாட்டின் பழமையான விளக்கங்களுள் ஒன்றாகும். அருகிலுள்ள ஊருக்கே 'பதிகர்', அதாவது விளக்கு வீடு என்று பெயர். அலையாத்திக் காடுகளுக்கிடையே நீர்வழியில் சென்று இதனைக் காண்போர் இரண்டு ஆண்டுகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது 1866. முந்தைய ஆண்டு மழை பொய்த்ததால் ஒடிசாவில் கொடும் பஞ்சம் மூண்டது. விலை ஏறினால் வணிகர்கள் தாமாகவே அரிசி கொண்டு வருவர் என்று நம்பி, ஆங்கில ஆட்சியாளர் இறக்குமதியைத் தாமதித்தனர். இறுதியில் அரிசியை அனுப்ப முடிவு செய்தபோது பருவமழை தொடங்கிவிட்டது. கப்பலில் வந்த அரிசியைக் கரை சேர்க்கவும், வெள்ளத்தில் மூழ்கிய உள்நாட்டிற்குக் கொண்டு செல்லவும் வழியில்லை. ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அவ்வாண்டில் இந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கப்பலுக்கு வழிகாட்டும் ஒளி இருந்தது. சரக்கை எளிதில் கரை சேர்க்கும் துறைமுக வசதி இல்லை, சாலை இல்லை, சேமக் கிடங்கு இல்லை. பொது வசதி ஒன்று தனித்து நின்றால் அதன் பயன் எவ்வளவு குறுகிவிடும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1966-இல், இதற்குத் தெற்கே பாரதீப் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது ஆண்டு 1885. அவ்வாண்டு செப்டம்பரில் வீசிய பெரும்புயலின்போது இவ்விளக்கத்தில் 919 மில்லிபார் காற்றழுத்தம் பதிவாயிற்று. 1999-ஆம் ஆண்டின் ஒடிசாப் பெரும்புயல் வரும்வரை, வட இந்தியப் பெருங்கடற்பகுதியில் இதற்குக் குறைவான அழுத்தம் பதிவானதில்லை. சுற்றிலும் கடல் பொங்கி ஊர்களை அழித்தபோது ஒருவர் கருவியைப் பார்த்து எண்ணை எழுதியிருக்கிறார். புயல் பற்றிய நம் அறிவு இத்தகைய பதிவேடுகளின் மீதே எழுப்பப்பட்டது. அந்த எண்ணுக்கு விலை மதிப்பிடும் வரவு செலவுப் பட்டியலை நான் இதுவரை கண்டதில்லை.

கட்டாக்கும் விசாகப்பட்டினமும்

இங்கிருந்து கட்டாக் நகருக்குச் சென்றால், மகாநதிக் கரையில் ஜோப்ராவில் மாநிலக் கடல்சார் அருங்காட்சியகம் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் அணைக்கட்டு, கால்வாய்ப் பணிகளுக்காக அமைந்த பழைய பணிமனையே இன்று அருங்காட்சியகமாகியுள்ளது. ஒடிய மக்களின் கடலோடி மரபை விளக்கும் படகுகளோடு, பணிமனையின் பழைய எந்திரங்களையும் இங்குக் காணலாம். கார்த்திகைப் பௌர்ணமியன்று இதே நகரில் பாலி யாத்திரைத் திருவிழா கூடுகிறது. முன்னோர் கீழைத் தீவுகளுக்குக் கலம் செலுத்தியதன் நினைவாக, மக்கள் சிறு ஓடங்களில் விளக்கேற்றி நீரில் விடுகின்றனர். வாய்ப்புள்ளோர் அவ்வேளையில் செல்வது நன்று.

தெற்கே விசாகப்பட்டினத்தில், துறைமுகத்தை அணைத்து நிற்கும் 'டால்பின் மூக்கு' என்னும் குன்றின் மேல் 1957-இல் அமைந்த விளக்கம் உள்ளது. நகரின் கடற்கரையில் 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல் நிறுத்தப்பட்டுள்ளது. 1969-இல் கடற்படையில் சேர்ந்து, 31 ஆண்டுகள் பணியாற்றி, 2001-இல் ஓய்வு பெற்ற இக்கப்பல், 2002 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஏறத்தாழ 91 மீட்டர் நீளமுள்ள இதன் குறுகிய நடைவழியில் குனிந்து செல்லும்போது, ஒருவர் படுக்கையும் மற்றொருவர் பணியிடமும் எத்துணை நெருக்கமாக அமைந்துள்ளன என்பது விளங்கும். இங்கு என்னைக் கவர்ந்தது மற்றொன்று. கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் வருவோர்க்கு விளக்கம் கூறுகின்றனர். பொருளைக் காப்பது பாதிப் பணியே. அதனை இயக்கியவர்களின் அறிவைக் காப்பது மறுபாதி என்பதை அங்கு உணர்ந்தேன்.

சென்னையின் நான்கு விளக்குகள்

அடுத்து சென்னை. ஒரே நகரில் நான்கு தலைமுறை விளக்குகளைத் தேடிக் காணும் வாய்ப்பு இங்குள்ளது. முதல் விளக்கு 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று கோட்டை அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. இரண்டாவது, இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கருங்கல் தூண். இது 1844 முதல் ஒளி தந்தது. 1894-இல் விளக்கு உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திற்கே ஏறியது. 1977-இல் மெரினாக் கடற்கரையில் இன்றைய விளக்கம் இயங்கத் தொடங்கியது. எண்ணெயிலிருந்து மின்சாரத்திற்கும், கோட்டையிலிருந்து பொதுமக்கள் உலவும் கடற்கரைக்கும் விளக்கு நடந்து வந்த பாதையை ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம்.

மேலும் தெற்கே மாமல்லபுரத்தில், இன்றைய கோபுரம் எழுவதற்கு முன் குன்றின் மேலுள்ள பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயிலே கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. இன்றைய கருங்கல் கோபுரமும் அருகிலேயே நிற்கிறது. கலங்கரை விளக்க அருங்காட்சியகமும் அங்குள்ளது. பழைய வில்லைகளையும் விளக்குகளையும் அங்குக் காண்போர், ஒரு சிறு சுடரின் ஒளியைப் பட்டகக் கண்ணாடிகள் எவ்வாறு திரட்டி நெடுந்தொலைவு அனுப்புகின்றன என்பதை அறியலாம். பிரான்சு நாட்டு அறிஞர் பிரெனெல் வகுத்த முறை இது. ஒவ்வொரு விளக்கும் தனக்கே உரிய இடைவெளியில் மின்னும். அந்தக் கணக்கைக் கொண்டே எந்த ஊர் விளக்கு என்று மாலுமி அறிகிறார். நம் முன்னோரும் இக்கலையை அறியாதவர் அல்லர். பெரும்பாணாற்றுப்படையிலும் சிலப்பதிகாரத்திலும் துறைமுக விளக்கம் பற்றிய குறிப்புகள் உள்ளன.

இனி என்ன செய்வது?

இன்று செயற்கைக்கோள் வழியறியும் கருவிகள் மீன்பிடிப் படகுகளுக்கும் வந்துவிட்டன. இந்நிலையில் இவ்விளக்குகள் எதற்கு என்று கேட்போர் உண்டு. கருவி பழுதுற்ற இரவில் கரையில் தெரியும் ஒளியை நம்பித் திரும்பிய மீனவரிடம் இவ்வினாவைக் கேட்டுப் பாருங்கள்.

அரசும் இதில் வாளாவிருக்கவில்லை. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம், தகுதியுள்ள விளக்கங்களை மரபுச் சின்னங்களாக அறிவித்து, கல்வி, பண்பாடு, சுற்றுலா ஆகியவற்றிற்காக மேம்படுத்த இடமளிக்கிறது. 2024 பிப்ரவரியில், 75 கலங்கரை விளக்கங்களில் அமைக்கப்பட்ட சுற்றுலா வசதிகள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கது. எனினும் எனக்கு ஓர் அச்சம் உண்டு. நுழைவுச் சீட்டு விற்பனையே இவ்விடங்களின் மதிப்பை அளக்கும் கோலாகிவிடக் கூடாது. அவ்வாறு அளந்தால் மெரினா வெற்றி பெறும். ஃபால்ஸ் பாயிண்ட் தோற்றுவிடும். ஆனால், நான் மேலே கூறிய படிப்பினைகளில் பெரியது ஃபால்ஸ் பாயிண்டில்தான் உள்ளது.

ஆகவே, அலுவல் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். பழைய விளக்கங்களின் நாட்குறிப்பேடுகளையும் வானிலைப் பதிவுகளையும் கட்டடத்திற்கு முன்னதாகக் காப்பாற்றுங்கள். சுவரை மீண்டும் எழுப்பலாம், ஏட்டை எழுப்ப இயலாது. ஓய்வு பெற்ற விளக்குக் காவலர்களை, அவர்கள் நம்மிடையே உள்ளபோதே, வழிகாட்டிகளாக அமர்த்துங்கள். விளக்கத்தைச் சுற்றி வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அங்கு உருவாகும் பணிகளில் முதலிடம் தாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரே வேண்டுகோள். கோபுரத்தின் படிகளில் ஏறும்போது நான்கு வினாக்களைக் கேளுங்கள்: இதனைக் கட்டியவர் யார்? செலவை ஏற்றவர் யார்? பயன் பெற்றவர் யார்? பயன் சென்று சேராதவர் யார்? இந்நான்கிற்கும் விடை தேடுபவர், நாளை எந்தத் திட்டத்தையும் ஆராயும் தகுதி பெறுவார்.

அன்று அந்தக் கோப்பில் "வருவாய் ஏதும் இல்லை" என்று எழுதியது உண்மைக்கு மாறானதன்று. வருவாய் இல்லைதான். ஆனால், வருவாய் யாருக்கு, பயன் யாருக்கு என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் தவறிவிட்டேன். உங்களுள் யாருடைய மேசைக்கேனும் அத்தகைய கோப்பு ஒன்று வருமாயின், குறிப்பு எழுதுமுன் ஒருமுறை அவ்விடத்தை நேரில் சென்று பாருங்கள். பயணப்படி பெற விதிகளில் இடமுண்டு.