கிரகணம் பார்ப்போம், கண்ணையும் காப்போம்!



2019 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கா? அன்று காலை எட்டு மணிக்கு மேல் நிலா மெல்லச் சூரியனை மறைக்கத் தொடங்கியது. ஒன்பதரை மணி வாக்கில் கோவை, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அப்போது நான் கல்லூரி மாணவி. திண்டுக்கல்லில் எங்கள் மொட்டை மாடியில் பாதித் தெரு கூடியிருந்தது. என் தம்பி ஒரு பழைய எக்ஸ்-ரே பிலிமைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கண்ணு வலிக்குதாடா?" என்று கேட்டேன். "இல்லக்கா, ஒண்ணும் பண்ணல" என்றான்.

சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தவன், "அக்கா, பார்க்கிற எழுத்து மட்டும் மறைஞ்சு போகுது" என்றான். அந்த மங்கல் விலக மாதக்கணக்கானது.

நான் கேட்டதே தப்பான கேள்வி என்று பிறகுதான் புரிந்தது. நம் விழித்திரைக்கு வலியை உணரும் நரம்பு கிடையாது. வெந்துபோனாலும் வலிக்காது. பாதிப்பு சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோதான் தெரியும். சிலருக்குப் பார்வை மெல்லத் திரும்பும். சிலருக்கு நிரந்தரமாகவே குறைந்துவிடும். இதைக் குணப்படுத்தும் என்று உறுதியாகச் சொல்ல ஒரு சிகிச்சையும் இல்லை.

'தினமும் இருக்கிற அதே சூரியன்தானே?' என்று கேட்கலாம். மற்ற நாட்களில் கண் கூசும், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கிரகணத்தில் வெளிச்சம் குறைவதால் கூச்சமும் குறைகிறது. நாமும் உற்றுப் பார்க்கிறோம். ஆபத்தே அங்கேதான்.

கூலிங் கிளாஸ், எக்ஸ்-ரே பிலிம், சி.டி., புகை படிந்த கண்ணாடி எதுவுமே பாதுகாப்பு இல்லை. தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பதும் வேண்டாம்.

ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்தில் தயாரான கிரகணக் கண்ணாடியை வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டு டியூப் லைட்டைப் பாருங்கள். பளிச்சென்று தெரிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். கீறல், ஓட்டை இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கிரகணக் கண்ணாடி போட்டிருந்தாலும் பைனாகுலர் வழியாகப் பார்க்காதீர்கள். அது ஒளியைக் குவித்துக் கண்ணைச் சுட்டுவிடும். போனில் படம் எடுக்கிறேன் என்று வெறும் கண்ணால் சூரியனைத் தேடவும் கூடாது.

காசே செலவில்லாத வழியும் உண்டு. ஓர் அட்டையில் ஊசியால் துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழ விடுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் சூரியன் சுமார் 9 மில்லிமீட்டர் அளவில் தெரியும். துளை வழியே சூரியனைப் பார்க்காதீர்கள். தாளை மட்டும் பாருங்கள். மர நிழலிலும் குட்டிக் குட்டிப் பிறைகள் விழும். குழந்தைகளுக்கு இதுதான் நல்ல வேடிக்கை.

கிரகணம் பார்த்தபின் பார்வையில் கரும்புள்ளியோ, மங்கலோ, கோடுகள் வளைந்தோ தெரிந்தால் கண்ணைக் கசக்காதீர்கள். நீங்களாகவே சொட்டு மருந்து விடாமல், உடனே அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போங்கள். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

2027 ஆகஸ்ட் 2 மாலை இந்தியாவில் பகுதி கிரகணம். 2031 மே 21 நண்பகலில் மதுரை வழியாக வளைய கிரகணம். வளையமாகத் தெரியும்போதும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. இதை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்பவே பகிருங்கள். யார் வீட்டிலும் எந்தத் தம்பிக்கும் எழுத்து மறைந்துபோக வேண்டாம்.