நாளுக்கு ஓர் அத்தியாயம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பருவத்திலே பாடப்புத்தகத்தின் நடுவே நாவலை மறைத்து வைத்து வாசித்த பலர் இச்சபையில் இருக்கிறார்கள். பின்னர் உத்தியோகம் வந்தது, கலியாணம் வந்தது, பிள்ளைகள் வந்தனர். நாவல் அலுமாரிக்குள் போயிற்று. மீண்டும் வாசிக்க ஆசைதான், நேரம் எங்கே என்கிறார்கள். கைத்தொலைபேசிக்கு மாத்திரம் நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று நாம் கேட்கப்போவதில்லை.

பெரிய நாவலை ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்னும் எண்ணமே முதல் தடை என்பது எமது அபிப்பிராயம். மிஷன் பாடசாலையிலே நாம் படித்த டிக்கன்ஸின் 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' 1849, 1850ஆம் ஆண்டுகளில் மாதந்தோறும் சிறு பகுதிகளாகவே வெளிவந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. அவற்றை வாசித்தவர்கள் எல்லாரும் வேலைவெட்டி இல்லாதவர்களா?

இந்துக்களாகிய நமக்கு இம்முறை புதிதன்று. கோயிலிலே கந்தபுராண படனம் நடக்கிறது. ஒருவர் வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார். 10,000 பாடல்களுக்கு மேற்பட்ட அந்நூல் நாளுக்குச் சிறிதாக நகரும். கேட்டிருப்பவர்கள் கமக்காரர், கடைக்காரர், பென்சன்காரர். சூரபன்மன் கதையை அறியாதார் அங்கே எவருமில்லை. இருந்தும் போய்க் கேட்கிறார்கள். நாவலர் பெருமான் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டதும் பாட்டு விளங்காதவரும் வாசிக்கட்டும் என்றே. கட்டுக்கதையைப் புராணத்தோடு ஒப்பிடலாமா என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பொருளை நாம் ஒப்பிடவில்லை. வாசிக்கும் முறையையே சொல்லுகிறோம்.

இராச் சாப்பாட்டின் பின் வீட்டிலே ஒருவர் ஓர் அத்தியாயத்தை உரத்து வாசிக்கட்டும். கண் மங்கிய பாட்டனாரும் கேட்பார். எழுத்துக்கூட்டும் பிள்ளையும் கேட்கும்.

ஆனால் அந்நேரத்தில் அம்மா எங்கே? அடுக்களையிலே! இதைச் சொல்லவே இன்று மேடையேறினோம். கதை வாசிப்பதில் ஆர்வம் மிகுந்திருந்து, பின் அதை அறவே விட்டவர்கள் நம் வீட்டுப் பெண்களே. அவர்களுக்கு ஆசை குன்றவில்லை, கை ஓயவில்லை. மங்களநாயகம் தம்பையா என்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை 1914இலேயே வெளியிட்டார். பெண்கள் அன்றே நாவல் எழுதிய நாட்டிலே, இன்று ஒரு தாய்க்கு அதை வாசிக்க அரைமணி நேரம் இல்லை. வாலிபர்களே, கோப்பைகளை நாம் கழுவுவோம், அடுப்படியை நாம் துடைப்போம். பிறகு புத்தகத்தைத் திறப்போம். வாசிப்பவர் அம்மாவாகவே இருக்கட்டும்.

நூல் கிடைப்பதில்லை என்பாரும் உளர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பின்னும் நம்மவர் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையத்தளத்திலே பழைய ஈழத்து நூல்கள் பலவற்றைப் பணமின்றி வாசிக்கலாம். கைத்தொலைபேசியும் இங்கே உதவிக்கு வருகிறது.

தொடக்கத்துக்குச் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' ஏற்றதென நினைக்கிறோம். 1973இல் வந்த நாவல், நெடுந்தீவைக் களமாகக் கொண்ட கடற்றொழிலாளர் கதை, அளவிலும் பெரிதன்று. வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை முடிந்ததும் சங்க மண்டபத்திலே முதல் அத்தியாயத்தை நாம் வாசிக்கிறோம். பயன் சொல்லப் பெரியவர் ஒருவர் வேண்டும். கடலையும் வாடையையும் அறிந்தவராயின் மிக நன்று.