தேன்கூட்டைக் காத்தது யார்?



திருவனந்தபுரம் மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் உள்ள ஊர்களில் தேன்பெட்டிகள் இருக்கும். ரப்பர் மரத்தின் இளம் இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். தை, மாசி மாதங்களில் தேனீக்கள் அதைக் குடித்துத் தேனாக்கும். பக்கத்தில் மார்த்தாண்டத்திலும் இதே தொழில்தான். 1956-க்கு முன் அந்த ஊரும் திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

1991, 1992 ஆண்டுகளில் இந்தத் தொழிலுக்குப் பெரிய அடி விழுந்தது. கேரளத்தில் பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. குமரி மாவட்டத்திலும் அதே கதிதான். பல குடும்பங்கள் வருமானத்தை இழந்தன.

என்ன நடந்தது? தேனீப் புழுக்களுக்கு நோய் வந்தது. அதன் பெயர் தாய் சாக்புரூட். தாய்லாந்து நாட்டில் முதலில் கண்ட நோய் அது. நோய் கண்ட புழு கூட்டுப்புழு ஆகாது. தலையை மேலே தூக்கியபடி அறைக்குள்ளேயே சாகும். ஊசியால் எடுத்தால் நீர் நிறைந்த பைபோலத் தொங்கும்.

இதற்குக் காரணம் வைரஸ் என்ற நுண்கிருமி. வைரஸைக் கொல்ல ஆன்டிபயாடிக் மருந்து உதவாது. இந்த நோய்க்கு இன்றும் நேரான மருந்து இல்லை. அப்படியானால் சில கூடுகள் மட்டும் எப்படித் தப்பின?

மனித உடலில் கிருமி நுழைந்தால், இரத்தத்தில் அதை எதிர்க்கும் பொருள் உண்டாகிறது. தடுப்பூசியும் அதைத்தான் தூண்டுகிறது. பூச்சிகளுக்கு அந்தப் பொருள் கிடையாது. ஆனாலும் அவை வெறுங்கையோடு நிற்கவில்லை.

முதல் காவல், பூச்சியின் கெட்டியான தோல். அடுத்த காவல் உடலுக்குள் இருக்கிறது. வைரஸ் தன்னைப்போல நகல் எடுக்கும். அப்போது இரட்டை முறுக்கு நூல்போல ஓர் இழை உண்டாகும். பூச்சியின் உடலில் கத்திபோன்ற ஒரு புரதம் இருக்கிறது. அது அந்த இழையைச் சின்னத் துண்டுகளாக நறுக்கும். இன்னொரு புரதம் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்ளும். திருடனின் அங்க அடையாளத்தைப் போலீஸ் வைத்திருப்பது போல! அந்த அடையாளம் பொருந்தும் இழை எங்கே இருந்தாலும் பிடித்து வெட்டிவிடும். தேனீ, ஈ, கொசு எல்லாவற்றுக்கும் இந்தக் காவல் உண்டு.

வைரஸும் சும்மா இருக்காது. அந்தக் கத்தியை மழுக்கும் வித்தை பல வைரஸ்களுக்குத் தெரியும். இளம் புழுவால் நோயைத் தாங்க முடிவதில்லை.

மூன்றாவது காவல், கூட்டத்தின் ஒற்றுமை. வேலைக்காரத் தேனீக்கள் நோயுற்ற புழுவை மோப்பத்தால் அறியும். அறையின் மூடியைத் திறந்து, புழுவை இழுத்து வெளியே போடும். இதைச் சுறுசுறுப்பாகச் செய்யும் கூட்டில் நோய் பரவுவது குறையும். இந்தக் குணம் ராணி வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும்.

தப்பிய கூடுகளிலிருந்துதான் தொழில் மீண்டும் எழுந்தது. அவற்றைப் பிரித்துப் புதிய பெட்டிகள் வைத்தார்கள். திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியிலும் தேனீ ஆராய்ச்சி நடக்கிறது.

நோய் அடியோடு ஒழியவில்லை. அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஆகவே தேனீ வளர்ப்போர் இவற்றை மறக்கக் கூடாது.

நோய் கண்ட பெட்டியின் அடையை வேறு பெட்டியில் வைக்கக் கூடாது.

அந்தப் பெட்டியைத் தொட்ட கையையும் கத்தியையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

மழைக்காலத்தில் பூ குறையும். அப்போது சர்க்கரைப் பாகு கொடுத்துக் கூட்டைப் பலமாக வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய கூடு பிரிக்கும்போது தேன் அதிகம் தரும் கூட்டை மட்டும் பார்க்கக் கூடாது. நோயைத் தாங்கி நின்ற கூட்டைத் தேட வேண்டும். அடுத்த ஆண்டின் தேன் அந்தக் கூட்டில்தான் இருக்கிறது.