விருந்தினர் தரும் செல்வம்



தேயிலையைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி அந்நியச் செலாவணியைச் சம்பாதித்து வருகின்றோம். உல்லாசப் பிரயாணத் துறையின் இயல்போ வேறு. இங்கே பண்டம் கடல் கடந்து செல்வதில்லை. கொள்வோரே கடல் கடந்து வருகின்றனர். பாசிக்குடாவின் அமைதியான கடலையும் சிகிரியாக் குன்றின் ஓவியங்களையும் கண்டு களித்து, தம் நாட்டுப் பணத்தை இங்கே செலவிட்டுச் செல்கின்றனர்.

இத்துறையை வளர்ப்பதற்கெனச் சட்டப்படி ஒரு சபை அமைக்கப்பட்டது 1966ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டில் வந்தோர் ஏறத்தாழ 19,000 பேரே. 2018இலோ இருபத்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். வருவாய் ஏறத்தாழ 438 கோடி அமெரிக்க டொலர்.

ஆயினும், வந்த பணம் வேறு. தங்கிய பணம் வேறு. ஹோட்டலின் சமையலறைக்கு அயற்கிராமத்து மீனும் மலைநாட்டு மரக்கறியும் செல்லுமாயின், விருந்தினர் கொடுத்த பணம் மீனவர் கைக்கும் கமக்காரர் கைக்கும் வந்து சேரும். அவர்கள் கடையில் அரிசியும் துணியும் வாங்குவர், கடைக்காரரும் பிழைப்பார். இவ்வாறு ஒரு ரூபாய் பல கைகள் மாறிப் பலருக்கு வருமானமாகின்றது. அதற்கு மாறாக, வெண்ணெயும் பழரசமும் அலங்காரப் பொருள்களும் பிற நாட்டிலிருந்து இறக்குமதியாகி, இலாபமும் பிற நாட்டு முதலாளிக்கே போகுமாயின், முன் வாசலால் வந்த டொலர் பின் வாசலால் வெளியேறிவிடும். கிராமத்தவருக்கு எஞ்சுவது மதிற்சுவர் ஒன்றே.

இன்னுமொன்று. இவ்வருவாய் அமைதியை நம்பி வாழ்வது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டு பரவிய கொள்ளைநோயும் விருந்தினர் வருகையை முடக்கின. 2021இல் வந்தோர் இரண்டு இலட்சம் பேரும் இல்லை. கடன் சுமையும் வரிக்குறைப்பும் திறைசேரியை ஏற்கெனவே நலிவித்திருந்த வேளையில் இவ்வருவாயும் வற்றியது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் நாம் வரிசையில் நின்ற நாட்களை மறத்தல் அரிது.

2024இல் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் வந்தனர். வருவாய் ஏறத்தாழ 317 கோடி டொலராக உயர்ந்தது. இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், ஒற்றைத் தூணின் மேல் வீடு கட்டுவது அறிவுடைமையாகாது. தலைகளை எண்ணி மகிழ்வதோடு நில்லாது, நம் வயலிலும் கடலிலும் விளைவதை விருந்தினர் இலையில் இடுவோமாக. கரையோரத்து இளைஞருக்கு மொழியும் தொழிலும் பயிற்றி, ஹோட்டலின் காவற் பணியோடு நில்லாது அதன் நிருவாகத்திலும் அமரச் செய்வோமாக. அப்பொழுதே விருந்தினர் தரும் செல்வம் நாட்டின் செல்வமாகும்.